அறியாமையும் ஒரு காவல்

பிறர் பொருளைக் காப்போன் அதனைக் கவராதிருத்தல் அறமென்பதை யாவரும் ஒப்புவர். பிறர் மறைசொல்லைக் காப்போன் அதனை அறியாதிருத்தலும் அறமே என்பதை யாம் சென்ற ஆண்டிலேதான் கற்றோம். கற்ற வகையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

எமது விடுதி நூல்நிலையத்தின் இரவற் கணக்கைக் கணினியில் அமைக்கும் பணி எம்பால் வந்தது. மாணவர் அனைவருடைய கடவுச்சொற்களையும் உள்ளவாறே ஒரு கோப்பில் வைத்தோம். ஒருநாள் பிழையொன்றைத் திருத்தும்பொருட்டு அதனைத் திறந்தபோது, நண்பர் ஒருவரது சொல் எம் கண்ணிற் பட்டது. அஃது அவ்வாண்டிற் காலஞ்சென்ற அவருடைய தங்கையின் பெயர். அன்று மாலை அவர் வழக்கம்போல் நகைமுகத்துடன் எம்மருகே உண்ண அமர்ந்தார். யாமோ அவரை நிமிர்ந்து நோக்க மாட்டாதிருந்தோம். திருடன் எவனும் வந்திலன். ஆயினும் களவு நிகழ்ந்துவிட்டது.

அன்றிரவே பரிகாரம் தேடினோம். சொல்லை விடுத்து, அதனின்று பிறக்கும் 'ஹாஷ்' என்னும் எண்கோவையை மட்டும் வைத்துக்கொள்ளுதலே வழி. அரைத்த மாவினின்று அரிசியை மீட்டல் கூடுமோ? மாணவர் மீண்டும் வந்து சொல்லைத் தருங்கால், அதனையும் அவ்வாறே அரைத்து ஒப்பிட்டால் போதும்.

முதலில் ஷா-256 என்னும் முறையைக் கையாண்டோம். அதில் இரு குறைகள் கண்டோம். ஒரே சொல்லை இருவர் கொண்டால் ஒரே கோவை வரும். மேலும், அம்முறை மிக விரைவானது. ஆதலின் கள்வன் அகராதி முழுவதையும் அரைத்து ஒப்பிட்டுவிடுவான். முதற்குறைக்கு மருந்து 'உப்பு'. ஒவ்வொரு சொல்லோடும் வெவ்வேறு எண்ணைக் கலத்தலே அது. யூனிக்ஸில் 4096 வகை உப்பு வழங்கியதை மாரிஸ், தாம்ப்ஸன் என்னும் இருவர் 1979இல் எழுதிய கட்டுரையில் விளக்கியுள்ளனர். மற்றதற்கு மருந்து, கோலின் பெர்சிவல் 2009இல் வெளியிட்ட 'எஸ்கிரிப்ட்' முறை.

பைத்தான் மொழியில் பத்து வரியுள்ள சிறு நிரலொன்று எழுதினோம். தட்டும் சொல் திரையில் தோன்றாது. 16 பைட்டு உப்பு தற்செயலாகப் பிறக்கும். யாம் இட்ட அளவின்படி ஒவ்வொரு கோவைக்கும் 16 மெகாபைட்டு நினைவகம் செலவாகும். உரியவர்க்கு அஃது இமைப்பொழுது. கோடி சொற்களைச் சோதிப்போனுக்கோ பெருஞ்சுமை. பழைய கோப்பையும் அதன் படிகளையும் அழித்தோம்.

பின்னர் நண்பரிடம் நடந்ததைக் கூறிப் பொறுத்தருள வேண்டினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார்; பிறகு விசைப்பலகையைத் தம்பக்கம் இழுத்துப் புதியதொரு சொல்லை இட்டார். அது யாதென்று யாம் அறியோம். அறிய வழியுமில்லை. அதனாலன்றோ இன்று அவர் முகத்தை நேரே நோக்குகின்றோம்!