தொட்டுப் பார்க்காமல் வாங்கும் பாய்

கைவினைப் பொருளுக்கென்று இணையத்தில் புதிதாகக் கடை திறப்பவர்கள் எல்லோரையும் வாட்டும் கேள்வி, வாடிக்கையாளரை எப்படி வரவழைப்பது என்பதுதான். விளம்பரம் கொடு, தள்ளுபடி அறிவி, இன்ஸ்டாகிராமில் தினம் ஒரு படம் போடு என்ற யோசனைகள் கேட்காமலே வந்து சேரும். திருநெல்வேலி மாவட்டத்தில், சேரன்மகாதேவிக்கு அருகில் இருக்கும் பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் வேலையைப் பார்த்தபின், இந்த யோசனைகள் எல்லாம் இரண்டாவதாக வர வேண்டியவை என்றே எனக்குத் தோன்றுகிறது. கடைக்குக் கூட்டம் சேர்ப்பதற்கு முன்னால், இந்தப் பொருளுக்கு ஏன் இந்த விலை என்று வாங்குபவர் தாமே கண்டுகொள்ளும்படி செய்ய வேண்டும். அதைச் செய்த கடைக்கே வாடிக்கையாளர் வருவார். வந்தவர் தங்கவும் செய்வார்.

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் ஈரம் நின்ற இடங்களில் வளரும் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, காயவைத்து, ஓடும் தண்ணீரில் ஒரு வாரம் போல ஊறப்போடுகிறார்கள். ஊறிய தண்டு பருத்து மென்மையாகும். அதை மறுபடியும் இழை இழையாகக் கிழித்துக் காயவைத்த பிறகே சாயமும் நெசவும். பாய்த்தறியில் நாடா ஓடாது. தரையோடு தரையாக அமர்ந்து, ஒவ்வொரு கோரை இழையையும் நீண்ட குச்சியின் நுனியில் மாட்டிப் பருத்திப் பாவுக்குள் செலுத்தி, அச்சால் அடித்து நெருக்க வேண்டும். இழை மெலிய மெலியப் பாவு நூலின் எண்ணிக்கை கூடும். பட்டுப் பாய் என்று சொல்லப்படும் நயப் பாயில் அது 100-ஐத் தாண்டும். சாதாரணப் பாய் சில நாட்களில் தறியிலிருந்து இறங்கிவிடும்; பட்டுப் பாய்க்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டும். உட்காருபவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள். வீட்டு வேலைக்கு நடுவேதான் இந்த நெசவும் நடக்கிறது.

கடைக்காரர் கவனிக்க வேண்டிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கையில் எடுத்தால் பட்டுப் பாய் துணிபோல மடியும், விரலுக்கு வழுவழுப்பாக இருக்கும். கண் தெரியாதவர்கூட முரட்டுப் பாயையும் இதையும் பிரித்துச் சொல்லிவிடுவார். செல்போன் திரையிலோ இரண்டும் ஒரே மாதிரிப் படங்கள். விலை மட்டும் பல மடங்கு வேறுபட்டால், பார்ப்பவர் மலிவானதைத் தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை. ஆகவே இணையக் கடையின் முதல் வேலை, விரல் அறிவதைக் கண்ணுக்குக் காட்டுவது. பாயை மடித்துக் காட்டும் சிறு காணொளி, இழையின் அருகில் வைத்த ஓர் ஊசி, பின்பக்கத்தின் படம், ஓரம் கட்டிய விதம், பாவு எண்ணிக்கை, நெய்ய ஆன நாட்கள் ஆகியவற்றை ஒவ்வொரு பாய்க்கும் தனியாகத் தர வேண்டும். அழகான பின்னணியில் எடுத்த பத்துப் படங்களைவிட இவற்றுக்கு வலிமை அதிகம்.

அடுத்தது, யாரை அழைப்பது என்பது. எல்லோரையும் அழைக்கும் புதுக் கடைக்கு யாரும் வருவதில்லை. பத்தமடையில் மணமக்கள் பெயரையும் திருமண நாளையும் வைத்து நெய்யும் கல்யாணப் பாய் வழக்கம் உண்டு. விசைத்தறியும் பிளாஸ்டிக்கும் சுலபமாகப் போட்டியிட முடியாத இடம் இது, ஏனென்றால் ஒவ்வொரு பாயும் ஒருமுறை மட்டுமே நெய்யப்படுவது. கல்யாணம் வைத்திருக்கும் வீட்டாருக்கு வாங்கக் காரணமும் இருக்கிறது, மாதங்களுக்கு முன்பே தேதியும் தெரியும். பாய் விரிக்கப்படும் வீட்டில் அதைப் பார்க்கும் உறவினர்கள் அடுத்த வாடிக்கையாளர்கள். மண்டபக்காரர், பத்திரிகை அச்சடிப்பவர், வெளியூரில் வாழும் நெல்லைக் குடும்பங்கள் என்று இவர்களைத் தேடிப்போவது, முகம் தெரியாத லட்சம் பேருக்கு விளம்பரம் காட்டுவதைவிடச் செலவும் குறைவு, பலனும் உறுதி.

பெரிய சந்தைத் தளங்களில் ஏற்கெனவே கூட்டம் இருக்கும்போது தனிக்கடை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அமேசான் 2016-இல் காரிகர் என்றும், ஃபிளிப்கார்ட் 2019-இல் சமர்த் என்றும் கைவினைஞர்களுக்கெனத் திட்டங்கள் தொடங்கின. முதல் விற்பனைக்கும் கூரியர் ஏற்பாட்டுக்கும் அவை உதவும். ஆனால் அங்கே வருபவர் அந்தத் தளத்தின் வாடிக்கையாளர், கடையின் வாடிக்கையாளர் அல்லர். விதியையும் தளமே வகுக்கும். கைவினைக்கென்றே 2005-இல் அமெரிக்காவில் தொடங்கிய எட்ஸி, 2022 ஏப்ரலில் விற்பனைக் கட்டணத்தை 5 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக உயர்த்தியபோது, ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையை மூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள், கட்டணம் குறையவில்லை. எனவே சாதாரணப் பாயையும் சிறு பைகளையும் சந்தைத் தளத்தில் வைக்கலாம். பெயர் நெய்யும் பாய்க்குச் சொந்தப் பக்கமும் வாட்ஸ்அப் உரையாடலும்தான் ஏற்றவை. எழுத்துப்பிழை இல்லாமல் பெயரை உறுதிசெய்ய எப்படியும் பேசித்தானே ஆக வேண்டும்?

தறியையும் உழைப்பையும் காட்டுவது நெசவாளரின் வறுமையை விற்பதாகாதா என்ற எதிர்ப்பு இதைவிடக் கனமானது. இரக்கத்தைத் தூண்டும் படங்களால் கடை நடத்தினால் அது வறுமையை விற்பதுதான். தொழிலுக்கும் அது கேடு. இரக்கத்தால் வாங்குபவர் ஒருமுறை வாங்குவார், தரத்தை அறிந்து வாங்குபவர் மறுபடி வருவார், மற்றவரிடமும் சொல்வார். காட்ட வேண்டியது திறமையை. நெசவாளரின் சம்மதத்தோடு அவர் பெயரை வெளியிட வேண்டும், விலையில் அவருக்குச் சேரும் பங்கையும் சொல்ல வேண்டும். பத்தமடைப் பாய் 2012-13-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் குறியீடு ஊரின் பெயரைப் போலிகளிடமிருந்து காக்க ஒரு சட்டப் பிடிமானம். ஆனால் தானாக ஒரு பாயையும் விற்றுத் தராது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் வேலையை வாங்குபவருக்குப் புரியவைப்பது கடையின் பொறுப்பு.

ஆர்டர் குவிந்தால் கைகள் போதுமா என்பது கடைசிக் கேள்வி. போதாது. அவசரப்படுத்தினால் இழை தடிக்கும், பெயர் கெடும். ஆகவே மாதத்துக்கு இத்தனை பாய்தான் என்று முதல் நாளே அறிவிக்க வேண்டும், முன்பணம் வாங்க வேண்டும், வேலையின் இடையிடையே படம் அனுப்ப வேண்டும். காத்திருக்கச் சொன்னால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்ற அச்சம் ஆலைச் சரக்கு விற்பவருக்குப் பொருந்தும். கல்யாணத் தேதியைக் கையில் வைத்திருப்பவர், சொன்ன நாளில் பாய் வருமா என்றுதான் பார்ப்பார். புதுக் கடைக்கு அந்த நாள் தவறாமைதான் முதல் விளம்பரம். அதற்கான செலவை விளம்பர நிறுவனத்துக்குக் கொடுக்காமல், தறியில் இருப்பவருக்கு முன்கூலியாகக் கொடுக்கும் கடையே நிலைக்கும்.