மகள் மேல் போட்ட பழி

2022 வைகாசியில், திண்டிவனத்தில் என் மாமியார் வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த வெங்காய வடகம் மழையில் நனைந்து வீணாய்ப் போனது. அதை எடுக்க வேண்டியவள் நான். எடுக்காமல் விட்டவளும் நான்தான். பழியை என் மகள் மேல் போட்டேன். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் சொந்தபந்தத்தில் அந்தப் பழி இன்னும் அவள் மேல்தான் இருக்கிறது. அது என்னுடையது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது விழுப்புரத்தில். கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். நான் ஒயர் கூடை பின்னுவேன், கல்யாணத்துக்கு முன்பே பழகிய கை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது, பரணில் கிடந்த ஒயர் கூடையெல்லாம் பல வீடுகளில் கீழே இறங்கியது. ஒயரும் பிளாஸ்டிக்தான். ஆனால் இழுத்துப் பின்னிய கூடை பல வருடம் உழைக்கும் என்பதால் எனக்கு அது உறுத்தவில்லை. அப்புறம் கொரோனா வந்தது. பள்ளிகள் மூடின, வேன் தெருவோரம் நின்றது. கூடை விற்ற காசில் மளிகை வாங்கிய மாதங்கள் உண்டு. வீட்டில் என் பேச்சுக்கு ஒரு கனம் வந்ததும் அப்போதுதான். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு கூடை கேட்டு வருகிறவர்கள் இன்னும் கூடினார்கள். பள்ளி திறக்கிற நேரத்தில் சாப்பாட்டுக் கூடைக்குத்தான் கிராக்கி.

அந்த வருடம் எல்லாமே தள்ளிப் போயிருந்தது. மே மாதத்திலும் வகுப்பும் பரீட்சையும் நடந்தன. பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டு, பஸ் ஏறி விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு தாண்டித் திண்டிவனத்தில் நாங்கள் இறங்கியபோது அக்னி நட்சத்திரம் பாதிக்கு மேல் போய்விட்டது. ஜூன் 13 பள்ளி திறப்பு. அதற்குள் நான் முடித்துக் கொடுக்க வேண்டிய கூடைகளுக்கான ஒயர் கட்டுகளையும் பையில் திணித்து எடுத்துப் போயிருந்தேன்.

வடகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நனைந்த வடகத்துக்கு இத்தனை பேச்சா என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். எங்கள் தென்னாற்காட்டுப் பக்கம் வெங்காய வடகம்தான் வருடம் முழுக்கத் தாளிப்புச் சாமான். சின்ன வெங்காயத்தை உரித்து, அதில் கால் பங்கு பூண்டு சேர்த்து, உரலில் ஒன்றும் பாதியுமாக இடிக்க வேண்டும். உடைத்த கறுப்பு உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு எல்லாம் போட்டுப் பிசைந்து ஒரு ராத்திரி மூடி வைப்பார்கள். மறுநாள் மாடியில் வெள்ளைத் துணி விரித்துக் காயப்போட்டு, பொழுது சாய்வதற்குள் வாரி எடுத்துவிட வேண்டும். இப்படியே தினமும் காயவைத்து, எடுத்து, உதிர்த்துத் திரும்ப உருட்டி, உருண்டை கறுத்துக் கல் மாதிரி ஆனதும் விளக்கெண்ணெய் தடவி டின்னில் அடைப்பார்கள். முதல் இரண்டு மூன்று நாள் நனையவே கூடாது. வெங்காயம் தண்ணீர் குடித்துவிட்டால் நாற்றம் எடுக்கும், பூஞ்சை பிடிக்கும். அதன் பிறகு எந்த வெயிலும் அதைக் காப்பாற்றாது. ஒரு துண்டு வடகத்தை எண்ணெயில் உதிர்த்துப் போட்டால் வற்றல் குழம்பு மணக்கும், கீரை மசியல் மணக்கும். ஒன்றும் இல்லாத நாளில் வெறும் மோர்க்குழம்பை வைத்தே பிள்ளைகளை வயிறார எழுப்பிவிடலாம்.

எங்கள் குடும்பத்தில் நாலு வீட்டுக்கும் அத்தைதான் வடகம் போடுவார். மாமியாரை நாங்கள் அத்தை என்போம். விடியற்காலையில் கூழ் கரைத்து வைத்துவிட்டு மாடி ஏறுவார். கூழுக்குத் தொட்டுக்கொள்ள வறுத்த மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், துவையல் அரைப்பார். திண்டிவனத்து எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்த டி.எம்.வி. மல்லாட்டை ரகங்களைச் சொல்லி, அந்த மூன்று எழுத்தும் எங்கள் ஊர் பேர்தான் என்று பேரப்பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்வார். மதியத்துக்கு மாங்காய் போட்ட காராமணிக் குழம்பு. மரக்காணத்து மீன் தெருவில் வந்தால் அது. அந்த வருடம் மூட்டுவலி அதிகமாகி, உரலில் இடிப்பதை என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்து இடிக்க வைத்தார். "ரொம்ப நைஸா ஆக்கிடாதடி, உருண்டை நிக்காது" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இடித்தாள். என் மகனுக்கு அப்போது பதினாலு வயது. அவனை யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

வைகாசி அமாவாசை வந்தது. மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அமாவாசை ராத்திரி ஊஞ்சல் உற்சவம். அக்கம்பக்கத்தாரோடு அத்தை மத்தியானமே கிளம்பினார். போகும்போது என்னிடம்தான் சொன்னார்: "நாலு மணிக்கெல்லாம் எடுத்துரும்மா. கத்திரி முடிஞ்சிட்டுது, இனிமே வானத்த நம்ப முடியாது." சரி அத்தை என்றேன். மகள் அப்போது வீட்டுக்குள்கூட இல்லை, கொல்லையில் இருந்தாள்.

நாலு மணிக்கு நான் கூடத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்தேன். சிவன் கண் மாடல். அடி போட்டு முடித்து, பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. மகள் எதிரில் உட்கார்ந்து அடுத்த கூடைக்கு ஒயரை அளந்து வெட்டிக்கொண்டிருந்தாள். அவள்தான் முதலில் பார்த்தாள். "அம்மா, மேக்கால கருக்குதும்மா. வடகத்த எடுத்துட்டு வந்துரட்டா?" என்று எழுந்தாள். "நீ ஒயர வெட்டு. இந்த வரிசை முடிச்சிட்டு நான் போறேன்" என்றேன். அவள் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் காற்று அடித்து ஜன்னல் கதவு மோதியது. அவள் மறுபடியும் எழுந்தாள். அதட்டி உட்கார வைத்தேன்.

கூடை பின்னுகிறவர்களுக்கு ஒன்று தெரியும். வரிசையை நடுவில் விட்டுவிட்டு எழுந்தால் ஒன்றும் கெடாது. ஒயர் முடிச்சு போட்டு இழுத்த உடனே பூட்டிக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் எங்கள் வீட்டில் எல்லோரிடமும், நடுவில் விட்டால் கூடை கோணிக்கொள்ளும் என்று பல வருடமாகச் சொல்லி வைத்திருந்தேன். அது பொய். மடியில் கூடை இருக்கிறவரை என்னை யாரும் காபிக்கும் தண்ணீருக்கும் கூப்பிட மாட்டார்கள் என்பதற்காகச் சொன்ன பொய். அந்த நேரம் எனக்கு வேண்டியிருந்தது, அதை நான் இன்றும் மறுக்க மாட்டேன். எட்டுப் பேர் புழங்குகிற வீட்டில் எனக்கென்று இருந்த இடம் அந்தக் கூடைதான். ஆனால் அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களில் என்னை எழுப்ப யாரும் இல்லை. வரிசை ஓடிக்கொண்டிருந்த சுகத்தில் நானாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

மழை பொட்டென்று இறங்கியது. நான் மாடிக்கு ஓடியபோது துணி முழுக்க நனைந்து, வடகத்தின் மஞ்சள் தண்ணீர் தூம்பு வழியாக ஓடிக்கொண்டிருந்தது. மகள் என்னை முந்திக்கொண்டு வந்து பாவாடையில் வாரினாள். கீழே கொண்டுவந்து முறத்திலும் தாம்பாளத்திலும் பரப்பி, ராத்திரி முழுக்க ஃபேன் போட்டு வைத்தோம். நடுராத்திரிக்குள்ளேயே புளித்த வாடை வந்துவிட்டது. நான் தூங்கவில்லை. அத்தையிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். வாய் தவறி வந்த பொய் இல்லை இது. மூன்று பேரை மனதில் நிறுத்திப் பார்த்தேன். நான் என்று சொன்னால், என் மருமகளிடம் ஒன்றைக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த அத்தையிடம் என் மதிப்பு போய்விடும். மகன் என்று சொன்னால், ஆம்பளைப் பிள்ளையிடம் ஏன் சொன்னாய் என்று கேள்வி திரும்ப என்னிடமே வரும். மகள் என்று சொன்னால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பெண் பிள்ளை மாடியில் காய்வதைப் பார்க்கவில்லை என்றால் அது பெண் பிள்ளையின் தப்பு, அவ்வளவுதான். அதனால்தான் அவளைத் தேர்ந்தெடுத்தேன்.

காலையில் அத்தை குங்குமமும் எலுமிச்சம்பழமுமாக வந்து இறங்கினார். முறத்தைப் பார்த்தார். கையில் ஒரு பிடி எடுத்து முகர்ந்து போட்டார். "யாரு பாத்துக்கிட்டது?" என்றார். "இவகிட்டதான் அத்தை சொல்லிட்டு உள்ள வேலையா இருந்தேன்" என்றேன். மகள் என்னை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள். நான் சொன்னது பொய் என்று அவள் சொல்லவில்லை. அத்தை அடிக்கவெல்லாம் இல்லை. "பொறுப்பத்த கழுத, போற வீட்டுல என் பேரத்தான் கெடுக்கப் போற" என்றார். முறத்தில் இருந்ததைக் கொல்லையில் கொட்டினார்.

ஒரு திட்டோடு போயிருக்கும் என்று நான் நினைத்தேன். போகவில்லை. வடகம் வராத நாலு வீட்டுக்கும் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார்கள். அதன் பிறகு கல்யாண வீட்டில் பால் குண்டானை அவள் தூக்கினால், "அவகிட்ட குடுக்காதீங்கப்பா, வடகம் மாதிரி ஆயிடப் போவுது" என்று யாராவது சொல்வார்கள். சிரிப்பார்கள். அவளுக்கு மஞ்சள் நீராட்டு நடந்த அன்றும் சபையில் அந்தப் பேச்சு வந்தது. நானும் அங்கேதான் தட்டு எடுத்துக்கொண்டு நின்றேன். மாறினது அவள்தான். முன்பெல்லாம் பால் பொங்குகிற சத்தம் கேட்டால் அவளே ஓடுவாள். பிறகு, "அம்மா, அடுப்ப அணைக்கட்டா?" என்று கேட்டுவிட்டு நிற்க ஆரம்பித்தாள். துணி எடுக்கக் கேட்பாள், கதவு சாத்தக் கேட்பாள். எழுந்தவளை இரண்டு தரம் உட்கார வைத்தது நான்தானே.

அத்தை அடுத்த வருடம் வடகம் போட என் நாத்தனார் மகளைக் கூட்டி வைத்துக்கொண்டார். கைப்பக்குவம் அந்தப் பெண்ணுக்குப் போனது. நல்ல பெண், நன்றாகவும் போடுகிறாள். ஆனால் உரலில் இடிக்கக் கற்றவள் என் மகள். பருப்பு எவ்வளவு, வெந்தயம் எவ்வளவு என்று பாட்டி சொன்னதை நோட்டில் எழுதி வைத்தவளும் அவள்தான். அந்த நோட்டு இப்போது எங்கே இருக்கிறது என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அத்தை போன வருடம் இறந்தார். கடைசி மாதங்களில் படுக்கையில் இருந்தார். கஞ்சி ஊட்டியது நான். சொல்வதற்கு எத்தனையோ மத்தியானங்கள் இருந்தன. அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருப்போம். நோயாளியை ஏன் சங்கடப்படுத்துவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. பார்க்க வருகிறவர்களிடம், பெற்ற மகள்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சை இழக்க எனக்கு மனசு வரவில்லை. பேத்தியைப் பொறுப்பில்லாதவள் என்றே நினைத்துக்கொண்டு அவர் போய்விட்டார். இதை இனி நான் சரிசெய்ய முடியாது.

மகளிடம் சில வாரங்களுக்கு முன்பு பேசினேன். வைகாசி வெயிலில் மோர்மிளகாய் காயப்போட்டிருந்தோம், அந்தப் பேச்சில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் மிளகாயைப் புரட்டிப் போட்டுக்கொண்டே, "எனக்குத் தெரியாதாம்மா? நான்தான அங்க இருந்தேன். என்கிட்ட எதுக்குச் சொல்ற, பாட்டிகிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் சொன்னது சரி. அவளிடம் நான் சொன்னதில் அவளுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. பாரம் குறைந்தது எனக்கு மட்டும்தான்.

அத்தையின் வருஷ திதிக்குத் திண்டிவனத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது, சாப்பாடு முடிந்ததும் சொன்னேன். நாத்தனார், அவர் வீட்டுக்காரர், கொழுந்தனார் குடும்பம், என் கணவர், மகன் எல்லோரும் இருந்தார்கள். வடகத்தை விட்டது நான், எழுந்தவளை உட்கார வைத்தது நான், அத்தையிடம் பொய் சொன்னதும் நான் என்று சொன்னேன். மகனைக் கூப்பிடவே கூப்பிடாத வளர்ப்பையும் சேர்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, "இத்தினி வருசம் கழிச்சி இத எதுக்குக் கிளறிக்கிட்டு, வடகந்தான?" என்றார் கொழுந்தனார். வடகந்தானே என்று அவருக்கு எளிதாகச் சொல்ல முடிந்தது. அந்த வடகத்தைச் சொல்லி என் மகளைக் கேலி செய்தவர்களில் அவரும் ஒருவர். நாத்தனார் எழுந்து போய் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்கு அங்கே வராத சொந்தக்காரர்கள் நிறையப் பேர். அவர்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான் இதை எழுதிக் கொடுக்கிறேன்.

அடுத்த வாரம் வடகத்துக்கு வெங்காயம் உரிக்க நாத்தனார் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். என் மகளையும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். மகன் வருகிறேன் என்றான். மகள் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.