தனுஷ்கோடியில் ஒரு படம்

ஒருபுறம் பாக் நீரிணையும் மறுபுறம் மன்னார் வளைகுடாவும் அலை வீச, இராமேசுவரத்திற்குத் தென்கிழக்கே நீண்டு கிடக்கும் மணல்முனையே தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய கடும்புயல் அவ்வூரை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் இரயிலையும் கடல் கொண்டுபோயிற்று. கூரையிழந்த கோவிலும் சில கட்டடங்களின் சுவர்களும் இன்று அவ்வூரின் சான்றுகளாய் நிற்கின்றன.

எங்கள் பங்கின் சில குடும்பங்களோடு அண்மையில் அங்குச் சென்றிருந்தோம். உடன்வந்த மூதாட்டி ஒருவர் அவ்வூரிலேயே பிறந்தவர், புயலின்போது சிறுமி. வீட்டோடு வீட்டிலிருந்த படங்களும் போய்விட்டன. "சாமி, எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோவில் இது. வாசலில் நிறுத்தி என்னை ஒரு படம் எடுத்துத் தாருங்கள்" என்று வேண்டினார்.

எங்களிடம் இருந்ததோ சட்டைப்பையில் அடங்கும் சிறிய டிஜிட்டல் கேமரா. படமெடுத்து, வெயில் படாமல் கையால் மறைத்துத் திரையைப் பார்த்தோம். வானம் தெளிவாயிருந்தது, அம்மையாரின் முகமோ கரியாய் இருண்டிருந்தது. "முகமே இல்லையே, சாமி!" என்றார்.

காரணம் எளிது. பின்னால் வானமும் வெண்மணலும் பளிச்சிடும்போது, ஒளி மிகுந்துவிட்டதென்று கொண்டு கேமரா தானே ஒளியைக் குறைத்துவிடுகிறது. நண்பகலில் பிளாஷ் எதற்கு என்று நாம் எண்ணுகிறோம். அது தேவைப்படுவது இத்தகைய இடத்தில்தான். மின்னல் குறியுள்ள பொத்தானை அழுத்தி, பிளாஷ் கட்டாயம் ஒளிருமாறு வைத்தோம். சிறு கேமராவின் பிளாஷ் அதிக தூரம் எட்டாது. ஆகவே ஆறேழு அடிக்குள் நெருங்கி நின்றோம்.

இரண்டாம் படத்தில் முகம் வெளிச்சமாய் விழுந்தது, ஆனால் தெளிவில்லை. கேமரா முகத்தை விட்டுப் பின்சுவரைக் குறிவைத்திருந்தது. பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்தலாகாது. பாதி அழுத்தி, முகத்தின்மேல் பச்சைக் கட்டம் தோன்றியபின்பே முழுதும் அழுத்த வேண்டும். போதாக்குறைக்கு லென்சில் கடற்சாரல் படிந்திருந்தது. மணல் கீறிவிடாதபடி முதலில் ஊதிவிட்டு, மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தோம்.

மூன்றாம் படத்தில் அம்மையார் சிரித்தார். சுருக்கங்கள்கூடத் தெளிவாய்த் தெரிந்தன.

திரும்பும் வழியில் மணற்பரப்பை மட்டும் எடுத்தபோது, வெண்மணல் சாம்பல் நிறமாய் விழுந்தது. கூட்டல், கழித்தல் குறிகள் உள்ள அமைப்பில் ஒளியை ஒரு படி கூட்டியதும் மணல் தன் வெண்மையைப் பெற்றது.

கேமராவிலேயே படத்தை விட்டுவைக்க மனமில்லை. சிறு அட்டையில் உள்ளது ஒரு நொடியில் அழியக்கூடும். மறுவாரமே இரண்டு பிரதிகள் அச்சிட்டுக் கொடுத்தோம். ஒன்றைத் தமக்கு வைத்துக்கொண்டு, மற்றொன்றை வெளியூரிலுள்ள மகளுக்கு அனுப்பினார் அம்மையார். "ஒரே வீட்டில் வைத்தால் போதாது, சாமி" என்றார். புயலைக் கண்டவருக்கு அது தெரியும்.