ஆல்கோவுக்கு இன்னும் சிக்னல் விழலை!

ஈரோட்டில் டீசல் இன்ஜின் ஓட்டி ஓய்வுபெற்ற அந்த டிரைவருக்கு இப்போது 73 வயது. சென்னையில் மகனின் ஃபிளாட்டில் இருக்கிறார். "ஹாலை மட்டும் விட்டுடுங்க மாமா" என்று மருமகள் சொல்லிவிட்டதால், கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடக்கூடிய ஒரு பிளைவுட் பலகைதான் அவருடைய ரயில்வே. 4 அடி நீளம், 3 அடி அகலம். அதில் தண்டவாளத்தை வட்டமாகப் போட்டால், வளைவின் ஆரம் 38 சென்டிமீட்டருக்கு மேல் போகாது.

பென்ஷனில் சேர்த்து வைத்து அவர் முதலில் வாங்கியது டபிள்யூ.டி.எம்-2. பணிக்காலம் முழுக்க ஓட்டிய 'ஆல்கோ'. 87-ல் ஒரு பங்கு அளவில், கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர் நீளம். ஏழு வயதுப் பேரன் முன்னால் பெருமையாக ஸ்விட்சைத் திருப்பினார். முதல் வளைவிலேயே இன்ஜின் தடம் புரண்டது. எடுத்து வைத்தார், மறுபடியும் கவிழ்ந்தது.

"தாத்தா, நீங்க நெஜமாவே ரயில் ஓட்டினீங்களா?"

அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இத்தனைக்கும் காரணம் அவருக்குத் தெரிந்ததுதான். நம் அகலப் பாதையில் 10 டிகிரி, அதாவது 175 மீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைவு போடுவதில்லை. அதையே 87-ஆல் வகுத்தால் 2 மீட்டர். மருமகள் ஹாலையே எழுதிக் கொடுத்தாலும் போதாது! பொம்மை ரயில்காரர்கள் பாதி சமரசம் செய்து ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: வண்டியின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது ஆரம் வேண்டும். ஆல்கோவுக்கு 60 சென்டிமீட்டர் ஆகிறது. அதன் ஒவ்வொரு போகியிலும் மூன்று அச்சு வேறு. வளைவு இறுகும்போது அவை திரும்ப இடமில்லாமல் சக்கர விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறிவிடும்.

160-ல் ஒரு பங்கு அளவுக்குப் போகலாம். அந்த இன்ஜின் இதே பலகையில் தாராளமாக ஓடும். ஆனால் 9 மில்லிமீட்டர் பாதையில் சக்கரத்தை உட்கார வைக்க, கேட்டராக்ட் ஆபரேஷன் ஆன கண்ணுக்குப் பொறுமை இல்லை.

ஆக, சின்ன இன்ஜின்தான். 'ஷன்டிங் வண்டியா?' என்று முதலில் கொஞ்சம் கௌரவம் தடுத்தது. பிறகு டார்ஜிலிங் ஞாபகம் வந்தது. சுமார் 18 மீட்டர் ஆரத்தில் வளைகிற அந்த மலைப்பாதையில் ஓடுகிற பழைய நீராவி இன்ஜினுக்கு மொத்தமே நான்கு சக்கரம்தானே! அவற்றை மட்டமாக யாரும் நினைப்பதில்லை.

இந்த முறை கடையில் அழகைப் பார்க்கவில்லை. பெட்டியில் குறைந்தபட்ச ஆரம் எவ்வளவு என்று போட்டிருப்பதைப் படித்தார். திருப்பிப் பிடித்து, முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் உள்ள தூரத்தை விரலால் அளந்தார். நான்கு சக்கர ஷன்டர் ஒன்று. கூடவே குட்டையான கூட்ஸ் வேகன் மூன்று. நீளப் பெட்டிகளை இணைத்தால் கப்ளிங்கே இழுத்துக் கவிழ்த்துவிடும் என்பதால் பாசஞ்சர் வண்டி ஆசையை அப்போதே விட்டுவிட்டார்.

ஷன்டர் வட்டமடித்துக்கொண்டே இருக்கிறது, ஒரு தடவைகூடக் கவிழவில்லை. ஆல்கோவை அலமாரியில் வைக்க மனசு வராமல், பலகையின் ஓரத்தில் நேராக ஒரு லூப் லைன் போட்டு நிறுத்தியிருக்கிறார்.

"இது எப்ப தாத்தா கெளம்பும்?"

"இன்னும் சிக்னல் விழலை கண்ணு."