சாயத்தொட்டியிலிருந்து வளர்தட்டு வரை

பட்டுக்கு நிறம் ஏற்றும் தொழிலும் பாக்டீரியாவைக் கண்ணுக்குக் காட்டும் தொழிலும் ஒரே சரக்கை நம்பியவை. கிரிஸ்டல் வயலெட், சாஃப்ரனின், மாலக்கைட் கிரீன் ஆகிய மூன்றும் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் நாங்கள் அன்றாடம் எடுக்கும் சாயங்கள். மூன்றுமே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வேதியியலாளர்கள் உருவாக்கியவை. பட்டுக்கும் கம்பளிக்கும் நிறம் கொடுத்தவை. ஆன்டிபயாடிக் எதிர்ப்பைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் நான், முதுகலை மாணவர்களைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப்போக இது ஒரு காரணம். நெசவுத் தெரு, சாயப்பட்டறை, கோயில் குளம், வேகவதி ஆறு, மருந்துக்கடை எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட முடிகிற ஊர் அது என்பது இன்னொரு காரணம். மருந்துக்கு அடங்காத கிருமி எங்கே உருவாகிறது என்று கேட்டால் மாணவர்கள் ‘ஆஸ்பத்திரியில்’ என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பதில் பாதிதான் என்பதை இங்கே காட்ட முடிகிறது.

பட்டறைக்குள் நுழைந்ததும் முகத்தில் அடிப்பது வெந்நீர் ஆவி. கர்நாடகத்திலிருந்து வரும் கச்சாப் பட்டு விறைப்பாக, மங்கலாக இருக்கிறது. பட்டுப்புழு தன் கூட்டை ஒட்டவைக்கப் பூசும் செரிசின் என்ற பசைதான் அந்த விறைப்புக்குக் காரணம். எடையில் கால் பங்கு வரைகூட அது இருக்கும். சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அது கரைந்த பிறகுதான் உள்ளேயிருக்கும் ஃபைப்ராயின் இழை பளபளக்கிறது. பிறகு சிட்டங்களைக் கோலில் மாட்டிச் சாயத்தொட்டியில் இறக்கித் திருப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு கணம் நின்றாலும் நிறம் திட்டுத்திட்டாகப் பிடித்துவிடும்.

எப்போது எடுக்க வேண்டும் என்று எப்படித் தெரிகிறது என்று அங்கிருந்த பெரியவரிடம் ஒரு மாணவி கேட்டாள்.

“கண்ணுதாம்மா. நனைஞ்ச பட்டு ஒரு நிறம் காட்டும், காஞ்ச பட்டு ஒரு நிறம் காட்டும். ஈரத்துலயே காஞ்ச நிறத்தைப் பார்க்கத் தெரியணும்.”

அவர் சொன்னதை மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள். 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வகுத்த சாயமேற்றும் முறையிலும் இதே சிக்கல் உண்டு. பாக்டீரியாவை ஊதாச் சாயத்தில் நனைத்து, அயோடின் விட்டு, ஆல்கஹாலில் கழுவ வேண்டும். தடித்த சுவருள்ள பாக்டீரியா ஊதாவை விடாமல் பிடித்துக்கொள்ளும். மெல்லிய சுவருள்ளது விட்டுவிட்டு, பிறகு இடும் சாஃப்ரனினில் சிவக்கும். ஆல்கஹால் சில விநாடி கூடினால் இரண்டுமே சிவந்துவிடும். எந்த மருந்து கேட்கும் என்று மருத்துவர் முதலில் ஊகிப்பது இந்த நிறத்தை வைத்துத்தான். கண்ணும் கையும் பழகாதவரிடம் அந்த ஊகம் அங்கேயே தவறிவிடும்.

சாயத்துக்கும் மருந்துக்கும் உள்ள உறவு இதோடு முடியவில்லை. பலவகைப் பாக்டீரியாத் தொற்றுகளுக்குப் பயன்பட்ட முதல் செயற்கை மருந்தான புரோன்டோசில் ஒரு சிவப்புச் சாயம். ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் 1932இல் அதை உருவாக்கினார்கள். கெர்ஹார்ட் டோமாக் எலிகளில் சோதித்து 1935இல் முடிவுகளை வெளியிட்டார். பென்சிலின் சந்தைக்கு வருமுன் உயிர்களைக் காத்தது, புரோன்டோசில் தொடங்கிவைத்த சல்ஃபா மருந்து வகை. ஆனால் 1940களிலேயே வெட்டைநோய்க் கிருமி அதற்கு அடங்காமல் போனது. மருந்து வந்த வேகத்திலேயே எதிர்ப்பும் வந்தது என்பதை இந்தப் பட்டறை வாசலில் நின்று சொல்லும்போது மாணவர்களுக்குப் பாடம் ஏறுகிறது.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் உட்கார இடம் கொடுத்தார்கள். தரையோடு தரையாகக் குழித்தறி. காலைக் குழிக்குள் விட்டு மிதிக்கட்டையை மிதித்தபடி அவர் நெய்ய, மனைவி பக்கத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். புடவையை முடித்து அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று மாணவி கேட்டாள்.

“டாக்டர்கிட்ட போனா அரைநாள் போச்சு பாப்பா. மெடிக்கல்ல ஒரு செட்டு வாங்கிப் போட்டா சாயங்காலம் இறங்கிடும். மறுநாள் தறியில குந்திடலாம்.”

“மீதி மாத்திரையை என்னண்ணா பண்ணுவீங்க?”

“மீதி ஏது? வாங்கறதே ரெண்டு வேளைக்குத்தானே.”

கடைக்காரர் பல மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கும் அந்தச் செட்டில் காய்ச்சலை இறக்குவது பாரசிட்டமால். பெரும்பாலான காய்ச்சலுக்கும் சளிக்கும் காரணம் வைரஸ். அதன்மேல் ஆன்டிபயாடிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. கூடவே போகும் ஆன்டிபயாடிக் குடலில் அமைதியாக வாழும் கோடானுகோடி பாக்டீரியாவில் அடங்குவதைக் கொன்று, அடங்காததை மிச்சம் வைக்கிறது. மிச்சமானது பெருகுகிறது. தன் எதிர்ப்பு மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் வைத்து வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடுகிறது. ஜப்பானில் சீதபேதிக் கிருமியான ஷிகெல்லா ஒரே நேரத்தில் பல மருந்துகளுக்கு எதிர்ப்புக் காட்டியபோது, குடல் பாக்டீரியாவான ஈ.கோலையிலிருந்து அதற்கு எதிர்ப்பு தாவ முடியும் என்று 1959இல் அங்குள்ள ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். குணமாகிவிட்டதாக நினைத்துத் தறியேறுகிறவர் வயிற்றில் இது நடந்துகொண்டிருக்கலாம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. படுத்த நாளுக்குக் கூலி இல்லாதவரிடம் ஐந்து நாள் மருந்தையும் ஓய்வையும் பற்றி நாம் பேசுவது எளிது.

வயிற்றில் நடப்பது வயிற்றோடு நிற்பதில்லை. கழிவுநீர் கலக்கும் வேகவதியின் கரையில் நின்றபோது மாணவர்களுக்கு அது புரிந்தது. கோயில் நகரத்துக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளிய அத்திவரதரைத் தரிசிக்க ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தார்கள். கூட்டத்தோடு அவர்கள் குடல் பாக்டீரியாவும் ஊருக்குள் வந்து போகிறது. இது வெறும் அச்சம் இல்லை. ரிஷிகேஷிலும் ஹரித்வாரிலும் கங்கை நீரை டெல்லி ஐஐடியும் பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ந்தன. யாத்திரைக் காலமான மே, ஜூன் மாதங்களில் என்டிஎம்-1 என்ற எதிர்ப்பு மரபணு பிற மாதங்களைவிடப் பன்மடங்கு கூடியிருந்ததை 2014இல் வெளியிட்டன. பக்தியை நிறுத்தச் சொல்லவில்லை அந்த ஆய்வு. கூட்டம் வருமுன் கழிப்பறையும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் தயாராக இருக்க வேண்டும் என்கிறது.

ஆற்றிலிருந்து நுண்ணுயிர் நீக்கிய குப்பிகளில் நீரெடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, தாமதமின்றி ஆய்வகம் திரும்பினோம். இனி எங்கள் கைத்தொழில். ஊடகம் காய்ச்சும் அறையில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். பாக்டீரியாவை வளர்க்கும் முல்லர்-ஹின்டன் அகாரைத் தட்டில் ஊற்றும்போது ஆழம் 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தடித்தால் மருந்து கீழிறங்கி, மருந்து வில்லையைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வெற்றுவட்டம் சுருங்கும், மெலிந்தால் விரியும். உண்மை அங்கேயே மாறிவிடும். அந்த அக்கா ஊற்றும் தட்டுகளை அளந்து பார்த்து மாணவர்கள் வியந்தார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் அவரைப் போன்றவர்கள் பெயர் வருவதில்லை. வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தனித்து வளர்த்த ஈ.கோலையைப் பஞ்சுக்குச்சியால் மூன்று திசையில் தேய்த்து, மருந்து வில்லைகளை அழுத்தி வைத்து, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் வளரவிட வேண்டும். மறுநாள் ஸ்கேலோடு உட்கார வேண்டும். ஆம்பிசிலின் வில்லையைச் சுற்றி 17 மில்லிமீட்டர் அல்லது கூடுதலாக வெற்றுவட்டம் இருந்தால் மருந்து கேட்கும்; 13 அல்லது அதற்குக் கீழ் என்றால் கேட்காது. சில தட்டுகளில் வட்டமே விழவில்லை. பாக்டீரியா வில்லையின் விளிம்புவரை வளர்ந்திருந்தது. “ஊர்த் தண்ணியே விஷம் சார்” என்றான் ஒருவன். சில குப்பி நீரை வைத்து ஊருக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதுதான் அன்றைய பாடத்தின் முக்கியப் பகுதி. பல பருவம், பல இடம், ஒப்பீட்டுத் தட்டு, திரும்பத் திரும்பச் சோதனை இவை இல்லாமல் எண் சொல்வது பயமுறுத்தல், ஆய்வு ஆகாது.

தட்டில் வளர்வதும் நீரில் வாழ்வதில் மிகச் சிறிய பங்குதான். பெரும்பான்மை நம் அகாரில் வளர்வதே இல்லை. மரபணு வரிசையைப் படித்துத்தான் அவை இருப்பதை அறிகிறோம். அவற்றில் மிகப் பல நமக்குத் தீங்கு செய்யாதவை. மழை பெய்ததும் மண் வாசனை தரும் ஸ்ட்ரெப்டோமைசிஸ்தான் ஸ்ட்ரெப்டோமைசினையும் டெட்ராசைக்ளினையும் தந்தது. எதிர்ப்பும் மனிதன் படைத்ததல்ல: கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்துகிடந்த மண்ணில் எதிர்ப்பு மரபணுக்கள் இருந்ததை 2011இல் கண்டறிந்தார்கள். நாம் செய்தது, என்றைக்கோ இருந்ததைப் பொறுக்கியெடுத்துப் பெருக்கியதுதான்.

இந்த வரலாற்றில் தமிழகத்துக்குப் பெரிய இடம் உண்டு. தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வு மாணவராக இருந்த குமாரசாமி கார்த்திகேயன் முதல் ஆசிரியராக இருந்த கட்டுரை 2010 ஆகஸ்டில் ‘லான்செட்’ குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வந்தது. கடைசிப் புகலான கார்பபெனம் மருந்துகளையே முறிக்கும் என்டிஎம்-1 கொண்ட கிருமிகளைச் சென்னையில் 44 மாதிரிகளில் அது காட்டியது. மரபணுவின் பெயரில் உள்ள ‘என்டி’ நியூ டெல்லியைக் குறிப்பது பற்றி நாடே சண்டையிட்டது. கிருமி பற்றிய பேச்சு பின்னுக்குப் போனது. ஆனாலும் 2012 ஆகஸ்ட் 24 அன்று மருத்துவர்கள் கூடி, ஆன்டிபயாடிக் எதிர்ப்பைச் சமாளிக்கும் வழிகளைச் ‘சென்னைப் பிரகடனம்’ என்று எழுதினார்கள். 2014 மார்ச் 1 முதல் எச்1 பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள வீரிய மருந்துகளை விற்றால் மருத்துவர் பெயரும் நோயாளி பெயரும் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். உலகில் 2019இல் மட்டும் எதிர்ப்புப் பெற்ற பாக்டீரியாவே நேரடிக் காரணமாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

சட்டம் இருக்கிறது, அறிவும் இருக்கிறது. நெசவுத் தெருவுக்குப் பக்கத்திலேயே மாலையில் திறந்திருக்கும் அரசு மருத்துவமனையும், எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் வளர்ப்புச் சோதனை வசதியும் வேண்டும். கூலி இழக்காமல் ஒருவர் மருத்துவரைப் பார்க்க முடிந்தால் செட் மாத்திரை தானாகக் குறையும். நுண்ணுயிரியல் நடத்தும் ஆசிரியர்கள் மாணவர்களை ஆய்வகத்துக்கு வெளியே, தம் ஊரின் ஆற்றங்கரைக்கும் மருந்துக்கடைத் தெருவுக்கும் அழைத்துப்போக வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை காய்ச்சல் வந்தால் கடையில் செட் கேட்காதீர்கள். மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதினால் எதற்கு என்று கேளுங்கள். எழுதிய அளவில், எழுதிய நாள்வரை சாப்பிடுங்கள். அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.