பிரீமியம் ஏறாது, காடு போயிரும்

எக்ஸெல் வண்டிக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கப் போனா ஏஜென்ட் கேக்கறது ஆர்.சி.யும் பழைய பாலிசியும் மட்டுந்தானுங்க. குடிச்சுட்டு ஓட்டி மாட்டியிருக்கீங்களான்னு ஒரு கேள்வி கிடையாது. 75 சிசிக்கு மேல 150 சிசி வரைக்கும் மூன்றாம் நபர் காப்பீடு வருஷத்துக்கு 714 ரூபாய், வரி தனி. 2022 ஜூன்ல மத்திய அரசு வெச்ச ரேட்டு. இருபது வருஷமா ஒரு கீறல் இல்லாம ஓட்டறவனுக்கும் அதேதான். சனிக்கிழமை சம்பளம் வாங்கின கையோட டாஸ்மாக் போயிட்டு வண்டி எடுக்கறவனுக்கும் அதேதான்.

அமெரிக்காவுல குடிச்சு ஓட்டி மாட்டினா பிரீமியம் எகிறிருமாம். இங்கயும் 2021 ஜனவரியில ஐஆர்டிஏஐ அமைச்ச குழு ஒரு யோசனை சொல்லுச்சு. தப்புக்குத் தப்பு புள்ளி. குடிச்சு ஓட்டினா 100, கண்ட இடத்துல நிறுத்தினா 10. புள்ளிக்குத் தகுந்த பிரீமியம். மொதல்ல டெல்லிப் பக்கம் நடத்திப் பார்க்கலாம்னாங்க. எங்க ஏஜென்ட் வரைக்கும் அது இன்னும் வந்து சேரல.

அதுக்காக, மாட்டினா 10,000 ரூபாய் அபராதத்தோட போயிரும்னு நெனைக்கறாங்க பாருங்க, அதுதான் வினை.

எங்க பெரியப்பா பையன், எனக்கு அண்ணன். ரெண்டேகால் ஏக்கர் காடு. மகன் பனியன் கம்பெனியில கட்டிங் வேலை. வண்டி அண்ணன் பேர்ல. ஒரு சனிக்கிழமை ராத்திரி பல்லடம் ரோட்டுல நடந்து போனவர் மேல பையன் ஏத்திட்டான். அவர் பொழைக்கல. சட்டப்படி 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் ஆல்கஹால்தான் எல்லை. இவன் அதையெல்லாம் எப்பவோ தாண்டியிருந்தான். கிரிமினல் கேஸ் தனியா ஓடுது.

நஷ்டஈட்டு வழக்குல, இன்சூரன்ஸ் கம்பெனி மொதல்ல செத்தவர் குடும்பத்துக்குக் கட்டிரணும், அப்புறம் வண்டி ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கலாம்னு தீர்ப்பு. இந்த மாதிரி கேஸ்ல கோர்ட்டுக நெறைய தடவை இப்படித்தான் சொல்லியிருக்குது. அந்தக் குடும்பத்துக்குப் பணம் போனது நியாயந்தான், அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல. ஆனா நோட்டீஸ் வந்தது அண்ணனுக்கு. "நான் ஒரு சொட்டு தொட்டவனில்லியே தம்பி, எனக்கெதுக்குடா நோட்டீசு?"ன்னு கையில வெச்சுட்டு நின்னாரு. ஆர்.சி.யில பேரு அவருது. வேற பதில் எங்கிட்ட இல்ல.

வடக்கு ஏக்கரை வித்தாரு. கெணறு அதுலதான் இருக்குது. மீதிக் காட்டுக்கு இப்ப வாங்கினவர்கிட்ட மொறை கேட்டுத் தண்ணி பாய்ச்சறாரு.

எங்க ஊட்டுலயும் மகன் ஓட்டற வண்டி என் பேர்லதான் இருக்குது. போன வாரம் பாரம் 29, 30 ரெண்டும் எழுதி, அவன் பேருக்கே மாத்தறதுக்கு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு நாளா எங்கிட்டப் பேசறதில்ல.