துறைமுகத்துக்குப் போகாதவர்

மயிலாப்பூர்,
மார்ச் 24

அன்புள்ள முத்து,

கச்சேரி சாலையில் பெரியப்பா வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ சொன்னபடி சாலிகிராமம் போய் வந்தேன். ஆற்காடு சாலையில் இருக்கிறது அந்த ராணுவக் குடியிருப்பு, பரமேஸ்வரன் விகார். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணப் பக்கம் சண்டையில் இறந்து, பரம் வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர். "இவர் யார் தெரியுமா?" என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன். "கார்கில்ல செத்தவரா சார்?" என்றார். உன் அண்ணன் நினைவு வந்தது. அவரும் இலங்கைக்குப் போன அதே இந்திய அமைதிப்படையில்தானே இருந்தார்.

திரும்பும் வழியில் பாண்டி பஜாரில் இறங்கினேன். அகலமான நடைபாதை, ஐஸ்கிரீமும் கையுமாகக் கூட்டம். 1982 மே மாதம் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனும் அவரைப் பிரிந்த உமா மகேஸ்வரனும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டது இந்தத் தெருவில்தான். அடையாறு இந்திரா நகரில் புலிகள் வீடெடுத்துத் தங்கியிருந்தார்கள். போலீஸ் எடுத்துப்போன வயர்லெஸ் கருவிகளைத் திருப்பிக் கேட்டு 1986 நவம்பரில் பிரபாகரன் உண்ணாவிரதம் இருந்ததும் இந்த ஊரில்தான். கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த போர் இந்த ஊருக்கு அடுத்த தெருச் சங்கதி.

ராத்திரி பெரியப்பாவிடம் பேச்சுக் கொடுத்தேன். இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி நாலு நாளில், 1987 ஆகஸ்ட் 2 அன்று, மெரினாவில் கூட்டம். ராஜீவ் காந்தியும் எம்.ஜி.ஆரும் மேடையில். "நடந்தே போனேன். கை வலிக்கத் தட்டினேன். நம்ம பட்டாளம் நம்ம ஜனங்களைக் காப்பாத்தப் போறதுன்னு நம்பினேன்" என்றார். செப்டம்பர் 26 அன்று புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் 10 அன்று அதே பட்டாளம் புலிகளோடு சண்டையைத் தொடங்கியது. தீபாவளியன்று யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் புகுந்த ராணுவம் சுட்டதில் மருத்துவர்கள், தாதிகள், நோயாளிகள் என 60 பேருக்கு மேல் செத்தார்கள். "நான் இங்கே லேகியம் தின்னுண்டிருந்தேன்" என்று நிறுத்திக்கொண்டார்.

வியட்நாம் போரைப் பற்றி நாம் படித்தது ஞாபகமிருக்கிறதா? படை அனுப்பியது தவறு என்று 1965-ல் சொன்ன அமெரிக்கர்கள் நூற்றுக்கு 24 பேர்தான். பாதிக்கு மேல் போக 1968 ஆகஸ்ட் வரை ஆயிற்று. அவர்களுடைய மனம் மாறியதில் சவப்பெட்டிகளில் வந்த சொந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய பங்கு. பெரியப்பாவுக்கு மனம் மாற மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவர் கணக்கில், சுடப்பட்டவர்களும் சொந்தப் பிள்ளைகள்தான்.

அமைதிப்படையில் 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். 1990-ல் இதே மார்ச் 24 அன்று கடைசிப் பிரிவு திருகோணமலையை விட்டுப் புறப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிய படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்பது அவர் நிலை. பெரியப்பாவும் போகவில்லை. மறு வருஷம் மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவைக் கொன்ற அந்தக் குண்டோடு புலிகள் மேலிருந்த பிரியமும் போயிற்று என்கிறார். "ரெண்டு தடவை மனசு மாறினேன். ரெண்டுக்கும் காரணம் இருந்தது. ஆனா கப்பல்லேர்ந்து இறங்கின பையன்களை ரெண்டு தடவையுமே நினைக்கலை. அவாளைக் கேட்டா அனுப்பினா?"

உன் அண்ணன் அந்தக் கப்பல் ஒன்றில் வந்து இறங்கியவர் என்று அப்போதுதான் சொன்னேன். பெரியப்பா வெகுநேரம் பேசவில்லை. காலையில் காபி கொடுக்கும்போது கேட்டார்: "அவர் மெட்ராஸ் பக்கம் வருவாரா? வந்தா நம்மாத்துலயே தங்கட்டும். எழும்பூருக்கு நானே வரேன்."

வயது எண்பத்திரண்டு. முட்டி வலி வேறு. எந்த ரயில் என்று அண்ணனிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
சுந்தரம்